பழைய சத்ரியா ஜிடிஐயும் பெல்ட்டின் வயதும்

பினாங்கில் கைமாறும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இளைஞர்களின் கண் முதலில் போய் நிற்பது புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ மேல்தான். தொண்ணூறுகளின் இறுதியில் வந்து 2005 வரை ஓடிய தயாரிப்பு. மிட்சுபிஷியின் 4ஜி93 எஞ்சின், 1,834 சி.சி., இரண்டு கேம்ஷாஃப்ட், பதினாறு வால்வு, சுமார் 140 குதிரைத்திறன். 1996இல் புரோட்டோன் வாங்கிய லோட்டஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் அதன் சஸ்பென்ஷனைச் செதுக்கினார்கள். தெலுக் பகாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக பாலிக் புலாவுக்கு இறங்கும் மலைப்பாதையில் இந்தக் காரை ஒருமுறை ஓட்டியவர்கள், முன்சக்கர இழுவைக் காரிலும் இவ்வளவு நயம் உண்டா என்று கேட்பார்கள். மலேசியத் தொழிற்சாலையில் பிறந்தவற்றுள் ஓட்டுபவனை மதித்துச் செய்த கார்கள் சில உண்டு, அவற்றில் இது முதல் வரிசை. அதனால்தான் இதன் சாவைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

விற்பவர் தரும் பட்டியல் நமக்குத் தெரிந்ததுதான். புது ரிம், எக்ஸாஸ்ட், மறுபடி அடித்த பெயின்ட், இறக்கிய சஸ்பென்ஷன், கடைசியில் ‘மைலேஜ் கம்மி’. டைமிங் பெல்ட் எந்த மாதம், எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்ற வரியை அந்தப் பட்டியலில் அபூர்வமாகத்தான் பார்க்கலாம். உரிமை மாற்றத்துக்கான சோதனையிலும் சேஸிஸ் எண், எஞ்சின் எண், கண்ணாடியின் கறுப்பு, காரின் மேல்புறம், அடிப்புறம் எல்லாம் பார்ப்பார்களே தவிர டைமிங் கவரைக் கழற்ற மாட்டார்கள். ஆகவே இருபது வயது தாண்டிய ஒரு கார், அதன் எஞ்சினை ஒரே நொடியில் அழிக்கக்கூடிய ஒரு பாகத்தின் வயது யாருக்கும் தெரியாமலே கைமாறிக்கொண்டு போகிறது. பெல்ட்டை எப்போது மாற்றுவது, எதையெல்லாம் சேர்த்து மாற்றுவது, மாற்றாமல் ஓட்டினால் எவ்வளவு ஆபத்து என்பதில் பட்டறைகளில் பல கட்சிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பொருள். கீழே கிராங்க்ஷாஃப்ட், மேலே இரண்டு கேம்ஷாஃப்ட். கீழே இரண்டு சுற்று சுற்றினால் மேலே ஒரு சுற்று. இந்த விகிதம் ஒரு பல்கூடப் பிசகக் கூடாது. பிசகாமல் கட்டி வைத்திருப்பது உள்ளே கண்ணாடி இழை நாண் ஓடும், வெளியே பல் வைத்த, துணி போர்த்திய ஒரு ரப்பர் பட்டை. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வு ஒதுங்கியாக வேண்டும். கிராங்க் புல்லியில் 24 பல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் பெல்ட் ஒரு பல் தாவினாலே கணக்கு 15 பாகை தப்பிவிடும். அந்த அளவில் எஞ்சின் இருமும், சக்தி விழும். இன்னும் சில பல் தாவினாலோ பெல்ட் அறுந்தாலோ என்ன நடக்கும் என்பது எஞ்சினின் உள்ளமைப்பைப் பொறுத்தது.

இங்கேதான் பெரிய குழப்பம். எல்லா எஞ்சினும் பெல்ட் அறுந்தால் செத்துவிடும் என்று ஒரு சாரார், ‘எனக்கு அறுந்தது, புது பெல்ட் போட்டேன், ஓடிவிட்டது’ என்று இன்னொரு சாரார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், வேறு வேறு எஞ்சினைப் பற்றி. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இன் 1.6 எஞ்சினிலும், டொயோட்டா ஏஇ86இல் வந்த பதினாறு வால்வு 4ஏ-ஜிஇ எஞ்சினிலும் வால்வு முழுக்கத் திறந்து நின்றாலும் பிஸ்டன் அதைத் தொடாது. பெல்ட் அறுந்தால் கார் நடுத்தெருவில் நிற்கும், இழுவை வண்டி வரும், அவ்வளவோடு முடியும். 4ஜி93 அப்படிப்பட்டதில்லை. அதில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. முறை தப்பினால் மோதல். வால்வுத் தண்டு வளையும், கைடு வெடிக்கும், பிஸ்டன் தலையில் பிறை வடிவில் வடு விழும், விதி கெட்டால் வால்வின் தலை முறிந்து சிலிண்டருக்குள்ளே சுழலும். புரோட்டோன் 2004இல் ஜென்-2 காரோடு கொண்டுவந்த சொந்த கேம்புரோ எஞ்சினும், பிறகு அது குடியேறிய சத்ரியா நியோவும் இதே குடும்பம்தான். பெல்ட், மோதும் அமைப்பு. ஆகவே நண்பனின் எம்எக்ஸ்-5 அனுபவத்தை வைத்து சத்ரியாவுக்கு ஆறுதல் தேடுவது தவறு. அந்த வாதத்தை முதலிலேயே தள்ளிவிடலாம்.

மோதும் அமைப்பு ஏன்? வால்வை ஆழமாகத் திறக்கவும், அழுத்த விகிதத்தை உயர்த்தவும் அது இடம் தருகிறது. வேகமும் சிக்கனமும் அதிலிருந்து வருகின்றன. பெல்ட் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரில் கிளாஸ் என்ற சிறு நிறுவனம் 1962இல் தன் 1004 காரில் பல் பெல்ட்டைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது. 1966இல் அவுரேலியோ லாம்ப்ரெடி ஃபியட் 124 ஸ்போர்ட்டுக்காக வடித்த இரட்டைக் கேம் எஞ்சின் அதே வழியில் போனது. அதற்கு முன் இரட்டைக் கேம் என்றால் நீண்ட சங்கிலி, இரைச்சல், எண்ணெய், பணக்காரர் வீட்டுக் கார். பெல்ட் அதை நடுத்தரக் குடும்பத்தின் கைக்குக் கொண்டுவந்தது. எடை குறைவு, சத்தம் குறைவு, எண்ணெய் வேண்டாம். சத்ரியா ஜிடிஐ போன்ற காரை ஒரு தொழிற்சாலை ஊழியர் வாங்க முடிந்ததற்கு இந்த ரப்பர் பட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் பெல்ட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபெராரிகூட எஃப்355, 360 மொடேனா வரை பெல்ட்டோடுதான் வாழ்ந்தது. எஃப்355இல் பெல்ட் மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். 360இல் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்து வேலை பார்க்கலாம். எஃப்430இல்தான் சங்கிலிக்கு மாறினார்கள். அந்தக் கார்களின் உரிமையாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், பெல்ட்டை மாற்றுகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ‘ஓடாவிட்டாலும்’ என்ற அந்தச் சொல்.

நம் ஊரில் பெல்ட்டுக்குச் சொல்லும் கணக்கு கிலோமீட்டரில்தான். பட்டறைக்குப் பட்டறை 80,000 என்றோ 1,00,000 என்றோ சொல்வார்கள். இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தும்? தினமும் நெடுஞ்சாலையில் ஓடி, நான்கைந்து ஆண்டில் அந்த எண்ணை எட்டிவிடும் காருக்கு. பினாங்கில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இரண்டு விதமாக வாழ்கிறது, இரண்டுமே அந்தக் கணக்குக்கு வெளியே.

ஒன்று, தினசரிக் கார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் தீவின் வடக்குக்கும் இடையே, கிரீன் லேன் என்று நாம் இன்னும் அழைக்கும் மஸ்ஜித் நெகிரி சாலையில், அல்லது 13.5 கி.மீ. நீளப் பாலத்தின் நெரிசலில் ஊர்ந்து போகும் கார். ஓர் உத்தேசக் கணக்கு போட்டுப் பாருங்கள். சராசரி 20 கி.மீ. வேகத்தில் 10,000 கி.மீ. ஓட 500 மணி நேரம் ஆகும். அதையே 80 கி.மீ. வேகத்தில் ஓடினால் 125 மணி நேரம். நெரிசலில் சராசரி 1,500 சுற்று, நெடுஞ்சாலையில் 3,000 சுற்று என்று வைத்தால், நெரிசல் காரின் கிராங்க் நாலரைக் கோடி முறையும் நெடுஞ்சாலைக் காரின் கிராங்க் இரண்டேகால் கோடி முறையும் சுற்றியிருக்கும். மீட்டரில் இரண்டுக்கும் ஒரே எண், பெல்ட் செய்த வேலையில் இரண்டு மடங்கு வித்தியாசம். அதோடு வெப்பம் வேறு. பகலில் 31, 32 டிகிரி வெளி வெப்பத்தில், காற்றோட்டமில்லாமல் நின்று எரியும் எஞ்சின் அறை. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ரப்பரின் முதுமை ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் வரும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணிப்பு. நிற்கும் காரில் அந்த முதுமை ஏறிக்கொண்டே போகிறது, மீட்டர் நகர்வதே இல்லை.

மற்றது, வார இறுதிக் கார். ஆண்டுக்கு 2,000 கி.மீ. ஓடினால் 1,00,000 எட்ட 50 ஆண்டு ஆகும். ஐம்பது ஆண்டுப் பழைய ரப்பரை நம்பி ஓட்டலாம் என்று எந்தப் பட்டறைக்காரரும் சொல்ல மாட்டார். ஆனால் ‘மைலேஜ் கம்மி’ என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளும்போது நாம் ஒப்புக்கொள்வது அதைத்தான். மாதக்கணக்கில் நிற்கும் காரில் பெல்ட் புல்லியின் வளைவிலேயே ஒரே வடிவில் மடங்கிக் கிடக்கிறது. கேம், கிராங்க் எண்ணெய்ச் சீல்கள் காய்ந்து கசியத் தொடங்குகின்றன. பெல்ட்டுக்கு எண்ணெய்தான் பெரிய எதிரி. எனவே கிலோமீட்டர் கட்சியின் வாதம் நம் ஊர் நிலைமையில் இரண்டு பக்கமும் தோற்கிறது. ஆண்டுக் கணக்குதான் நிற்கிறது.

கடற்காற்றைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. துறைமுகத்தின் பக்கம் இருக்கும் காருக்கு உப்புக்காற்றில் பெல்ட் சீக்கிரம் இற்றுவிடும் என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. உப்பு இரும்பைத் தின்னும், ரப்பரைத் தின்னாது. அதன் பாதிப்பு வேறு இடத்தில். டைமிங் கவரின் சிறு போல்ட்டுகள், பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனரைப் பிடிக்கும் போல்ட், அலுமினியத் தலையில் இறங்கியிருக்கும் எஃகுத் திருகுகள் எல்லாம் துருவேறி இறுகிக்கொள்ளும். கழற்றும்போது ஒன்று முறிந்தால் அரை நாள் வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். சில பட்டறைகளில் கவரில் இரண்டு போல்ட் குறைவாகவே திரும்பப் பூட்டப்படுவதற்கு இது ஒரு காரணம். வாங்கப்போகும் காரின் கவரில் போல்ட் குறைந்திருந்தால் உள்ளே யாரோ ஏற்கெனவே அவசரமாகப் புகுந்து வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

‘திறந்து பார்ப்போம், விரிசல் இருந்தால் மாற்றுவோம்’ என்பது நடுவழிக் கட்சி. கேட்க நியாயமாகவே இருக்கிறது. சுங்கை பினாங்கு பக்கம் ஒரு பட்டறையில் இந்தக் கட்சி தோற்றதை நேரில் பார்த்தேன். வாங்க வந்த பையன் கேட்டான்: “அண்ணே, பெல்ட்டு நல்லாத்தானே இருக்கு? ஒரு கீறல்கூட இல்லலா.” போர்மேன் பதில் பேசாமல் பெல்ட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். முதுகுப்புறம் கறுப்புக் கண்ணாடிபோல் மினுங்கியது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. பிறகு அவர் பல்லை வெளிப்புறமாக வைத்து மெல்ல வளைத்தார். நேராக இருந்தபோது கண்ணுக்குப் படாத கோடுகள் பல்லின் அடியில், மயிரிழை அளவில், ஒரே சீராகத் திறந்தன. இரண்டு பல்லின் ஓரத்தில் துணி நைந்து வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது. “தம்பி, புல்லியில மாட்டியிருக்கிறப்ப இது தெரியாது. இத இப்பிடி மடக்கிப் பாத்தாச்சு, இனி திரும்பப் போடவும் கூடாது.” அவர் சொன்னது சரி. எண்பதுகள் வரை வந்த குளோரோபிரீன் பெல்ட்டுகள் வெடித்துக் காட்டியாவது எச்சரித்தன. பிறகு வந்த, வெப்பம் தாங்கும் எச்என்பிஆர் ரப்பர் அதிகம் உழைக்கும், ஆனால் முகத்தில் முதுமையைக் காட்டாது. நாண் உள்ளே தளர்ந்திருப்பதையும் எந்தக் கண்ணும் பார்க்க முடியாது. மேல் கவரைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்ப்பதால் ஒரே ஒரு பயன் உண்டு, எண்ணெய்க் கசிவும் குளிர்நீர்க் கசிவும் தெரியும். அவை தெரிந்தால் பெல்ட் உடனே போக வேண்டும். தெரியாவிட்டால் பெல்ட் நல்லது என்று அர்த்தமில்லை.

சத்தம் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேய்ந்த டைமிங் சங்கிலி கலகலக்கும். மைவி போன்ற சங்கிலி எஞ்சின் கார்களில் வளர்ந்த தலைமுறைக்கு அந்த எதிர்பார்ப்பு வருவது இயல்பு. பெல்ட் அப்படி முன்கூட்டிச் சொல்வதில்லை. கூவுவது பெரும்பாலும் டென்ஷனர் பேரிங்கோ வாட்டர் பம்ப் பேரிங்கோதான். அந்தக் கூவல் கேட்டுவிட்டால் மணிக்கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இங்கிருந்து நான் மதிக்கும் ஒரு எதிர்வாதத்துக்கு வர வேண்டும். ‘ஓடுவதைத் தொடாதே’ என்று பழைய கைகள் சொல்கிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெல்ட் மாற்றிய அடுத்த வாரமே எஞ்சின் போன கதைகள் எல்லாப் பட்டறைத் தெருவிலும் உண்டு. காரணங்களும் தெளிவானவை. இரட்டைக் கேம் எஞ்சினில் பெல்ட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கேம் புல்லிகள் தாமாகவே துள்ளித் திரும்பும். குறியை மறுபடி சேர்க்கும்போது ஒரு பல் தவறுவது எளிது. டென்ஷனரை அதிகமாக இறுக்கினால் பேரிங் சாகும், தளர விட்டால் பெல்ட் தாவும். புது பெல்ட்டைக் கட்டைவிரலால் மடித்து முறுக்கினால் உள்ளே கண்ணாடி இழை முறிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. இதெல்லாம் உண்மை. ஆனால் இவற்றிலிருந்து வரும் முடிவு ‘மாற்றாதே’ என்பதாக இருக்க முடியாது, ‘தெரியாதவரிடம் கொடுக்காதே’ என்பதாகத்தான் இருக்க முடியும். கெட்ட கையால் நேரும் ஆபத்தை நல்ல கையைத் தேடித் தவிர்க்கலாம். வயதால் வரும் ஆபத்தைத் தவிர்க்க மாற்றுவதைத் தவிர வழியில்லை. நல்ல கையை அடையாளம் காண ஒரு சோதனை போதும். பெல்ட் மாட்டிய பிறகு ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன், கிராங்க்கை ஸ்பானர் போட்டுக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் சேர்கின்றனவா என்று பார்க்கிறாரா? பார்ப்பவரிடம் காரை விடலாம். அந்த இரண்டு சுற்றில் ஏதாவது இடிக்கிறது என்றால் கை நின்றுவிடும், வால்வு பிழைக்கும். சாவியைத் திருப்பிவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று.

அடுத்தது செலவு. ‘பெல்ட் மட்டும் போடுங்கள், மற்றது நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற கோரிக்கையை நான் முழுமையாக நிராகரிக்கிறேன். பெல்ட் தானாக அறுவது ஒரு வகை. அதன் பாதையில் உள்ள மற்றொன்று அதைக் கொல்வது இன்னொரு வகை, பழைய காரில் இரண்டாவதுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். டென்ஷனர் பேரிங்கைக் கழற்றி விரலில் மாட்டிச் சுழற்றிப் பாருங்கள். புதியது கிரீஸின் பிடிப்போடு ஓசையின்றி மெதுவாகச் சுற்றி நிற்கும். பழையது பம்பரம்போல் சரசரவென்று நீண்ட நேரம் சுற்றும். நன்றாகச் சுற்றுகிறதே என்று பையன்கள் மகிழ்வார்கள். உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்பதன் சத்தம் அது. இந்தப் பேரிங் இறுகினால் அதன்மேல் புது பெல்ட் ஓடினாலும் நிமிடங்களில் உருகி அறுந்துவிடும். பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில் சுழல்கிறது, அங்கேயும் அதே கதை. கேம் சீல், கிராங்க் சீல் விலை சொற்பம், ஆனால் அவற்றைத் தொட வேண்டுமானால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். மிட்சுபிஷியின் இவோ கார்களில் வந்த 4ஜி63 இந்த விஷயத்தில் இன்னும் கடுமையானது. அதில் அதிர்வை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு டைமிங் பெல்ட்டின் பின்னால் இன்னொரு சிறு பெல்ட் ஓடுகிறது. யாரும் கண்டுகொள்ளாத அந்தச் சிறு பெல்ட் அறுந்து, அதன் துண்டு பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி, எஞ்சினையே எடுத்துக்கொண்டு போகும். போர்ஷே 944 வைத்திருப்பவர்களும் இரண்டு பெல்ட்டுக் கவலையோடு வாழ்பவர்கள்தான். 4ஜி93இல் பேலன்ஸ் ஷாஃப்ட் இல்லை. சத்ரியாக்காரர்களுக்கு அந்த ஒரு நிம்மதி.

கணக்கை வெள்ளியில் பார்த்தாலும் முடிவு மாறாது. பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், சீல்கள், கூலி எல்லாம் சேர்ந்தாலும் செலவு நூறுகளில் பேசக்கூடியது. வால்வு வளைந்தால் தலையை இறக்கி, வால்வு, கைடு, கேஸ்கெட் மாற்றி, தலையைச் சமன்செய்து ஏற்றுவது ஆயிரங்களில். பிஸ்டன் அடிபட்டிருந்தால் அதற்கும் மேல். முழுத் தொகுப்புக்கும் வெறும் பெல்ட்டுக்கும் கூலி ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் பிரிக்கும் வேலை ஒன்றே. சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது இதுவல்ல. ரிம்மைத் தள்ளிப் போடுங்கள்.

கார்ச் சந்திப்புகளில் பார்க்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். நிறம் பூசிய கேம் புல்லிகளும் நீல நிற ரேஸிங் பெல்ட்டும் கண்ணில் படட்டும் என்று மேல் கவரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். ரேஸிங் பெல்ட்டின் வலிமையை நான் மறுக்கவில்லை. டர்போ ஏற்றிய எஞ்சினுக்கும் கடினமான வால்வு ஸ்பிரிங்குக்கும் அந்தப் பல் தேவைதான். ஆனால் வலிமை வேறு, ஆயுள் வேறு. அதுவும் ரப்பர்தான், அதற்கும் ஆண்டு உண்டு. கவர் இல்லாத பெல்ட்டுக்குள் ஒரு சிறு கல் விழுந்தால் போதும், பல்லுக்கும் புல்லிக்கும் இடையில் அது ஓர் ஆப்பு. மழை கொட்டினால் தண்ணீர் தேங்கும் தெருக்கள் ஜார்ஜ் டவுனில் எத்தனை என்று நமக்குத் தெரியும். பந்தயத் தடத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பெல்ட்டைச் சோதிக்கும் குழு இருக்கிறது. நம் கார் நிற்பது அடுக்குமாடியின் கீழே. கவரைத் திரும்பப் போடுவது இலவசம்.

அறுந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியவில்லை. ஓட்டத்தில் எஞ்சின் சட்டென்று அணையும். ஸ்டீயரிங் கனக்கும். பிரேக்குக்கு வாக்குவத்தின் துணை ஒன்றிரண்டு மிதிப்புக்குத்தான் இருக்கும், ஆகவே மிதித்து மிதித்து வீணாக்காமல் ஒரே சீராக அழுத்தி ஓரம் கட்ட வேண்டும். பாலத்தின் நடுவில் இது நேர்ந்தால் எஞ்சினைவிட உயிர் முக்கியம் என்பதால் இதைச் சொல்கிறேன். நின்ற பிறகு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்துக்கு மாறாக வேகமாக, தடையே இல்லாமல் ‘விர்’ரென்று சுற்றும். அந்தச் சத்தம் கேட்ட மறுநொடி கையை எடுத்துவிட வேண்டும். மெதுவான வேகத்தில் அறுந்திருந்தால் சில வால்வுகள் தப்பியிருக்கலாம். இன்னும் இரண்டு முறை ஸ்டார்ட் செய்து பார்ப்பவர் அவற்றையும் வளைக்கிறார்.

என் தீர்ப்பு இது. சத்ரியா ஜிடிஐ, சத்ரியா நியோ, இதே 4ஜி93 எஞ்சின் வந்த புத்ரா, விரா 1.8 போன்ற மோதும் அமைப்புள்ள பழைய கார்களுக்கு பெல்ட் தொகுப்பின் ஆயுள் ஐந்து ஆண்டு, அல்லது 70,000 கி.மீ., எது முன்னால் வருகிறதோ அது. பட்டறைக் கணக்கைவிட இதைக் குறைவாக வைப்பது நெரிசலும் வெப்பமும் பற்றி மேலே போட்ட கணக்கால். தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ரசீதோ, கவரில் ஒட்டிய சீட்டோ இல்லாத பெல்ட்டுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். விற்பவரின் வாய்மொழி இதில் சாட்சியாகாது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு முன் வைத்திருந்தவர் என்ன செய்தார் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ரசீது இல்லையென்றால் முழுத் தொகுப்பின் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கழிக்க மறுத்தாலும் கார் பிடித்திருந்தால் வாங்கலாம். பெல்ட்டுக்குப் பயந்து இந்தக் காரைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் வாங்கிய இடத்திலிருந்து முதல் பயணம் பட்டறைக்குத்தான். பாலிக் புலா மலைப்பாதை அதற்கு அப்புறம். எம்எக்ஸ்-5, ஏஇ86 வைத்திருப்பவர்கள் இன்னும் சில ஆண்டு தள்ளிப்போடலாம், அவர்கள் பணயம் வைப்பது ஒரு மாலை நேரத்தையும் இழுவைக் கூலியையும்தான்.

இதில் ஒரே ஒரு வகைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பானிலிருந்து, பாதியாக வெட்டிய காரோடு கன்டெய்னரில் வந்து இறங்கும் ஹாஃப் கட் எஞ்சின்கள். லான்சர் ஜிஎஸ்ஆரின் டர்போ 4ஜி93ஐ சத்ரியாவில் ஏற்றுவது இங்கே பழைய வழக்கம். ‘ஜப்பான் எஞ்சின், குறைவாக ஓடியது, பெல்ட் அப்படியே இருக்கிறது’ என்று கடைக்காரர் சொல்வார். அப்படியே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. அந்தக் கார் அங்கே எத்தனை ஆண்டு ஓடியது, எத்தனை ஆண்டு வெட்டிக் கிடந்தது, கப்பலிலும் கொட்டகையிலும் எத்தனை மாதம் என்று எவராலும் கணக்கு காட்ட முடியாது. எஞ்சின் தரையில், மரக்கட்டைமேல் நிற்கும்போது கவரைக் கழற்ற எந்தத் தடையும் இல்லை. எஞ்சின் மவுன்ட் இல்லை, சேஸிஸ் சுவர் இல்லை, கை நுழையாத இடுக்கு இல்லை. நான்கு புறமும் வெளிச்சம் விழும். கேம் சீலையும் கிராங்க் சீலையும் நின்றபடியே மாற்றலாம், வாட்டர் பம்ப்பின் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துச் சுத்தமாக ஒட்டலாம். காருக்குள் இறக்கிய பிறகு இதே வேலைக்கு ஒரு முழு நாள் கூலி. ஆகவே எஞ்சினுக்கு விலை பேசும்போதே பெல்ட் தொகுப்பையும் சேர்த்துப் பேசி, கிரேன் வருவதற்கு முன் மாட்டச் சொல்லுங்கள்.